எம்.ஏ. வரலாறு: சேர்க்கை முதல் ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.ஏ. வரலாறு வகுப்பில் இருப்பவர்களிடம் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். யூ.பி.எஸ்.சி.க்கோ குரூப் தேர்வுக்கோ படிக்கிறோம், கூடவே ஒரு பட்டமும் இருக்கட்டும் என்பது ஒன்று. பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் வேலைக்குப் போக வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது பதில் அரிதாகத்தான் வரும்: ஊர்க் கோயில் சுவரில் இருக்கும் எழுத்தோ, தாத்தா பெட்டியில் கிடந்த பழைய பத்திரமோ மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது, அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று காரணங்களுமே நியாயமானவைதான். யாரையும் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் இரண்டு காரணங்களுக்காக வந்தவர்களும் இரண்டு வருடத்தை உருப்படியாகச் செலவழிக்க வேண்டுமானால் மூன்றாவது ஆளைப் போல யோசிக்க வேண்டியிருக்கும். பி.ஏ.வில் நடந்ததைத் தெரிந்துகொண்டீர்கள். எம்.ஏ.வில், நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைக் கற்க வேண்டும். அதனால்தான் எந்தக் கல்லூரி என்ற கேள்வியை இரண்டாவதாக வைக்கச் சொல்கிறேன். முதல் கேள்வி, எந்த ஆவணத்தை உங்களால் படிக்க முடியும், எதைப் படிக்கக் கற்றுக்கொள்ளத் தயார் என்பது.

முதல் படி: காலத்தையும் மொழியையும் பொருத்திப் பார்ப்பது

"எனக்குச் சோழர் காலம் பிடிக்கும்" என்று சொல்வது எளிது. சோழர் காலத்தில் ஆய்வு செய்வதென்றால் கல்வெட்டு. கல்வெட்டென்றால் அக்காலத் தமிழ் எழுத்து, நடுநடுவே கிரந்தம், பாண்டிய நாட்டுப் பக்கம் போனால் வட்டெழுத்து. பயப்பட வேண்டாம், பெரும்பகுதி அச்சில் இருக்கிறது. தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசை 1890இல் தொடங்கியது. ஆனால் அச்சுப் பாடத்தை மட்டும் நம்பினால் பதிப்பித்தவர் படித்ததைத்தான் நீங்களும் படிப்பீர்கள்.

நாயக்கர், மராட்டியர் காலத்துத் தஞ்சாவூர் வேண்டுமென்றால் தெலுங்கு வேண்டும், மோடி எழுத்தில் இருக்கும் மராத்தி ஆவணங்கள் வேண்டும். சரசுவதி மகால் நூலகத்தில் அவை கட்டுக் கட்டாக இருக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடி என்று துறைமுக வரலாற்றில் ஆர்வம் இருந்தால் டச்சு மொழி பெரிய கதவைத் திறக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்குப் பிரெஞ்சு தேவை. அங்கே தமிழருக்கு ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது: பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. முகலாயர் காலத்துக்குப் பாரசீகம் தெரியாமல் மேலே போக முடியாது. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகு தெரியவருவது வேதனை.

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகள்தான் தமிழ்வழியில் படித்த மாணவருக்கு மிக வசதியான களம் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் அரசு ஆவணம், தமிழில் பத்திரிகை, துண்டறிக்கை, நாடக நோட்டீஸ், சாதிச் சங்க மாநாட்டு உரை, கோயில் வழக்குத் தீர்ப்பு என்று ஏராளமாகக் கிடக்கிறது. இரண்டையும் படிக்கத் தெரிந்த ஒருவர், ஆங்கில ஆவணம் மட்டும் படித்த வெளிநாட்டு ஆய்வாளரைவிட முன்னால் நிற்பார்.

இந்த முடிவை இப்போதே எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு நோட்டில் இரண்டு காலங்களையும் அவற்றுக்கான மொழிகளையும் எழுதி வைத்தால் போதும். அடுத்த படிகளில் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: தகுதி

இதில் பெரிய சிக்கல் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்திருந்தாலும் எம்.ஏ. வரலாற்றில் சேரலாம். சில இடங்களில் பி.ஏ. வரலாறு கேட்பார்கள், சில இடங்களில் குறைந்தபட்ச மதிப்பெண் வரம்பு உண்டு. பொறியியல் முடித்துவிட்டு வருபவர்கள் இப்போது சாதாரணம்.

ஆனால் ஒன்று. அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும். இளங்கலையிலும் முதுகலையிலும் அதே பாடம் படித்திருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். பி.காம். முடித்துவிட்டு வரலாற்றுக்கு மாறுபவர்கள், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கடைசி அறிவிக்கையில் தகுதிப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

வழக்கமான படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு பருவம். நான்காண்டு இளங்கலை முடித்தவர்களுக்கு ஓராண்டு எம்.ஏ. என்ற ஏற்பாடும் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு சில இடங்களில் வந்திருக்கிறது. அவசரம் இல்லாதவர்கள் இரண்டு ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். ஆவணக் காப்பகத்துக்குப் போய்வர ஓராண்டு பத்தாது.

மூன்றாம் படி: எங்கே சேர்வது

வாசல் நான்கு இருக்கிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யூ.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வு. டெல்லிப் பல்கலைக்கழகம், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் இதில் வரும். ஜே.என்.யூ.வில் பண்டைய, இடைக்கால, நவீன வரலாறு என்று பிரித்துச் சிறப்புப் பாடமாக எடுக்கும் வழக்கம் உண்டு. ஆகவே முதல் படியில் எழுதி வைத்த நோட்டு அங்கே உடனே தேவைப்படும்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தனியாக அறிவிப்பு வெளியிட்டுச் சேர்ப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாற்றுத் துறை 1914இல் தொடங்கியது. சோழர் வரலாற்றை எழுதிய நீலகண்ட சாஸ்திரி 1929 முதல் 1946 வரை பேராசிரியராக இருந்த துறை அது. மதுரை காமராசர், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார், அண்ணாமலைப் பல்கலைக்கழகங்களிலும் வரலாற்றுத் துறை உண்டு. கல்வெட்டு, தொல்லியல் பக்கம் மனம் போகிறவர்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பம். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். ஒரு நல்ல ஆசிரியர் இருக்கும் அரசுக் கல்லூரி, பெயர் பெற்ற இடத்துக்குச் சளைத்ததல்ல.

வேலையில் இருப்பவர்களுக்குத் தொலைதூரக் கல்வி. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாறு பாடநூல்கள் நன்றாக இருக்கும். நேரடி வகுப்பில் படிப்பவர்களும் அவற்றை இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கலாம். எந்தத் தொலைதூரப் படிப்பானாலும் அந்த ஆண்டுக்கு யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுமதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

சரி, இரண்டு மூன்று இடங்களில் கிடைக்கும் என்றால் எதை எடுப்பது? தரவரிசைப் பட்டியலைத் தள்ளி வையுங்கள். துறையின் இணையப் பக்கத்தில் ஆசிரியர் பெயர்களை எடுத்துக்கொண்டு ஷோத்கங்கா தளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கும். அந்த ஆசிரியர்கள் வழிகாட்டிய ஆய்வேடுகளில் நான்கைத் திறந்து, முன்னுரையையும் அடிக்குறிப்புகளையும் மட்டும் பாருங்கள். அடிக்குறிப்பில் அரசாணை எண், கல்வெட்டு எண், பத்திரிகைத் தேதி என்று மூல ஆவணங்கள் வந்துகொண்டே இருந்தால் அந்தத் துறையில் வேலை நடக்கிறது. நான்கு ஐந்து பொதுப் புத்தகங்களே திரும்பத் திரும்ப வந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அப்புறம் பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஆய்வேடு கட்டாயமா விருப்பமா, கல்வெட்டியல் தாள் இருக்கிறதா, வரலாறு எப்படி எழுதப்பட்டது என்பதை ஆராயும் வரலாற்று வரைவியல் எந்தப் பருவத்தில் வருகிறது. கடைசியாக, அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் யாரையாவது பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வகுப்பில் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிறார்களா, கட்டுரை கொடுத்து விவாதிக்கிறார்களா?

நான்காம் படி: நுழைவுத் தேர்வு

சி.யூ.இ.டி. முதுகலைத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதத்தில் நடந்தது, விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். நம் ஊரில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆறாம் பருவத் தேர்வு முடிந்து, மே மாதம் யோசிக்கலாம் என்று இருப்பார்கள். டிசம்பரிலிருந்தே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

75 வினாக்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் முறை. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது தடை மாதிரித் தெரியும். உண்மையில் கலைச்சொற்கள்தான் தடை, மொழி இல்லை. பிரம்மதேயம், இக்தா, ஜாகிர், ரயத்துவாரி போன்றவை எந்த மொழியிலும் அப்படியேதான் வரும். மீதி ஆங்கிலச் சொற்களைப் பழைய வினாத்தாள்களிலிருந்து ஒரு பட்டியலாக எடுத்துத் தினமும் பத்து சொல் பார்த்தால் இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூல்களும் நம் சமச்சீர் பாடநூல்களும் அடிப்படைக்குப் போதும்.

ஐந்தாம் படி: முதல் பருவத்தில் படிக்கும் முறையை மாற்றுவது

சேர்ந்தாயிற்று. இனி உங்களுக்கு எதிரி கைடு புத்தகம். தேர்வில் மதிப்பெண் வரும், ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கையில் ஒன்றும் இருக்காது.

ஓர் உதாரணத்தை விரிவாகவே பார்க்கலாம். உத்திரமேரூர். பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டிருப்பீர்கள், குடவோலை முறை, பழந்தமிழர் மக்களாட்சி. அந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டு, மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919, 921 அளவில். எம்.ஏ. மாணவர் செய்ய வேண்டியது, இரண்டின் பாடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது.

படித்தால் முதலில் கண்ணில் படுவது, யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்ற நிபந்தனைகள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். இது பிராமணர்களின் பிரம்மதேய ஊரில் அமைந்த சபை. உழுதவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. பெண்களுக்கும் கிடையாது. ஆக, மக்களாட்சி என்ற சொல்லை அப்படியே வைக்க முடியாது. அதே சமயம் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்ற விதியைப் படிக்கும்போது, இன்றைக்கும் நம்மிடம் இப்படி ஒரு விதி இல்லையே என்று தோன்றத்தான் செய்யும்.

அடுத்து வயது. முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? முந்தைய ஏற்பாட்டில் என்ன தகராறு வந்தது? கல்வெட்டு நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கிடைத்துவிட்டது. இன்னொன்று, சபை தானாகக் கூடி முடிவெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அரசன் ஆணைப்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க இந்த ஏற்பாடு செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. அப்படியானால் அரசன் கை ஊர்வரை எவ்வளவு நீண்டது?

இந்தக் கடைசிக் கேள்விக்குள் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி 1930களில் சோழ அரசை வலுவான நிர்வாகம் கொண்ட பேரரசாகவும், அதே சமயம் ஊர்ச் சபைகள் துடிப்பாக இயங்கிய நாடாகவும் எழுதினார். அமெரிக்கரான பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வந்த நூலில், அப்படியொரு மையப்பட்ட நிர்வாகமே இல்லை, உண்மையான அதிகாரம் நாடு என்ற வட்டார அளவில்தான் இருந்தது, அரசன் பெரும்பாலும் சடங்குத் தலைவன் என்று வாதிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி, ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி மானிடவியலாளர் ஒருவர் உருவாக்கியது. ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் பெயர், பட்டம், வரி எல்லாவற்றையும் எண்ணித் தொகுத்து, ராஜராஜன் காலம் தொட்டு அதிகாரிகளும் வரிகளும் எப்படிப் பெருகின என்று காட்டி ஸ்டைனை மறுத்தார்கள். மூன்று தரப்பும் படித்தது ஏறக்குறைய ஒரே கல்வெட்டுகளைத்தான்.

வரலாற்று வரைவியல் தாளில் மதிப்பெண் வாங்க இந்த நான்கு பெயரையும் மனப்பாடம் செய்தால் போதும். அந்தத் தாள் எதற்காக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மூன்று தரப்பும் எடுத்துக்காட்டும் கல்வெட்டில் ஒன்றையாவது நீங்களே படித்து, யார் எதை விட்டுவிட்டார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் இப்படி ஒரே ஒரு விவாதத்தை ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதியை வகுப்புக் குறிப்பிலேயே சமாளிக்கலாம்.

ஆங்கிலத்தில் படிப்பது பலருக்கும் பாரமாக இருக்கும். ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசிவரை அகராதியோடு படிக்காதீர்கள். முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம், அப்புறம் அடிக்குறிப்பு. ஆசிரியர் யாரோடு சண்டை போடுகிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். அதை எழுத முடியாவிட்டால் மட்டும் நடுப்பகுதிக்குள் போங்கள்.

ஆறாம் படி: எழுத்து, மொழி, ஆண்டுக் கணக்கு

முதல் கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்குங்கள். தமிழ் பிராமி எழுத்துகளை ஒரு வாரத்தில் அடையாளம் காணப் பழகலாம். வட்டெழுத்துக்கும் கிரந்தத்துக்கும் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையும் சில கல்லூரிகளும் அவ்வப்போது கல்வெட்டுப் பயிற்சி நடத்துகின்றன. ஊரில் கல்வெட்டு ஆர்வலர் யாராவது இருந்தால் அவரோடு இரண்டு கோயில் போய்வருவது எந்தப் பயிற்சிக்கும் குறைந்ததல்ல. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். உச்சிவெயிலில் எழுத்தின் பள்ளம் தெரியாது.

ஆண்டுக் கணக்கு தெரியாமல் ஆவணத்தைத் தொட முடியாது. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வரும். வருவாய்த் துறை ஆவணங்களில் பசலி ஆண்டு வரும், அதற்கு 590 கூட்ட வேண்டும். பசலி 1300 என்றால் 1890–91. கொல்லம் ஆண்டு திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் நிறைய வரும், அதற்கு 825. ஆண்டின் தொடக்க மாதம் ஒவ்வொன்றிலும் வேறு என்பதால் ஓராண்டு முன்பின் ஆகும். ஆட்சியாண்டு மட்டும் கொடுத்திருந்தால் அந்த அரசன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பதிலிருந்து கணக்கிட வேண்டும். பரகேசரி, ராஜகேசரி என்று சோழர்களின் பட்டப் பெயர் மட்டும் இருந்தால் எந்த அரசன் என்பதே ஒரு தனி ஆராய்ச்சி.

ஏழாம் படி: ஆவணக் காப்பகத்துக்குப் போவது

மூன்றாம் பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை போய்விடுங்கள். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் தென்னிந்தியாவுக்கே பெரிய களஞ்சியம். இப்போதைய சிவப்புக் கட்டடம் 1909இல் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து சென்னை மாகாண ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. ஆந்திரத்தின் கடற்கரை மாவட்டங்களையோ மலபாரையோ ஆராய்பவர்களும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

துறைத் தலைவரிடமோ வழிகாட்டியிடமோ அறிமுகக் கடிதம் வாங்குங்கள். தலைப்பு, காலம், பார்க்க விரும்பும் துறை ஆவணங்கள் மூன்றும் அதில் தெளிவாக இருக்கட்டும். அடையாள அட்டை நகல், புகைப்படம், பென்சில், கோடு போட்ட நோட்டு. பேனாவை மேசைக்குக் கொண்டு போகாதீர்கள், இது எந்தக் காப்பகத்துக்கும் பொருந்தும். நகல் எடுக்கவும் படமெடுக்கவும் என்ன விதி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனவுடன் கோப்பு வராது. முதலில் வருடாந்திர அட்டவணைத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும். வருவாய், நீதி, கல்வி, பொது என்று துறைவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கும். உங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், தாலுகா பெயரில் தேடுங்கள், "ஏரி", "மனு", "வரி தள்ளுபடி" போன்ற பொருள் தலைப்பில் தேடுங்கள். கிடைத்த அரசாணை எண், துறை, தேதி மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எடுத்து வருவார்கள். சில கோப்புகள் வராது, சில நொறுங்கிப் போயிருக்கும். அதனால் ஒரே நேரத்தில் நான்கைந்து எண்கள் கையில் இருக்க வேண்டும்.

அரசாணை கையில் வந்தால் உத்தரவுப் பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடுவது பலரின் பழக்கம். உத்தரவு பெரும்பாலும் ஒரு பத்திதான். அதோடு இணைந்திருக்கும் கலெக்டர் கடிதம், தாசில்தார் அறிக்கை, ஊர்க்காரர்கள் போட்ட மனு ஆகியவற்றில்தான் விஷயம். அந்த மனுவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஊர்க்காரர் தமிழில் சொன்னதை எழுதத் தெரிந்த ஒருவர் எழுதி, அலுவலகத்தில் ஆங்கிலமாக்கி, மேலதிகாரிக்குச் சுருக்கி அனுப்பியிருப்பார்கள். எத்தனை கை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் ரேகை வைத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "மனுதாரர் தொல்லை கொடுக்கும் பேர்வழி" என்ற தோரணையில் அதிகாரி ஓரத்தில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்காக மேலும் இரண்டு கோப்பு தேடலாம்.

எழும்பூரிலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது, 1896இல் திறந்தது. தமிழ் அச்சு வரலாறு, பத்திரிகை, சினிமா, நாடகம் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவானது. பழைய சிற்றிதழ் ஒன்றைத் தேடி அலைகிறவர்கள் முதலில் அங்கே கேட்பதே வழக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது, ஓலைச்சுவடிகளும் கோயில் புகைப்படங்களும் ஏராளம்.

ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு இணையம். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம், தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் மூன்றையும் பழகிக்கொள்ளுங்கள். ஜே.எச். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை மாவட்டக் கையேடு போன்ற பழைய நூல்கள் வீட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

எட்டாம் படி: ஆய்வேடு

"தமிழ்நாட்டில் நீர்ப்பாசன வரலாறு" என்று தலைப்பு கொடுத்தால் உங்களால் செய்ய முடிவது ஏற்கெனவே உள்ள புத்தகங்களைச் சுருக்குவது மட்டுமே. அதையே "செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு தாலுகாவில் 1880 முதல் 1900 வரை ஏரிப் பராமரிப்பு குறித்து வந்த மனுக்கள்" என்று குறுக்கினால், சில பத்துக் கோப்புகளில் ஒரு புதிய விஷயம் சொல்ல முடியும். ஊர்மக்களே ஏரி, வாய்க்காலைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு ஆட்களை வரவழைக்க 1858ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அது உங்கள் தாலுகாவில் உண்மையில் எப்படி நடைமுறையானது, யார் வந்தார்கள், யார் வர மறுத்தார்கள் என்று கேட்டால் அதுவே நல்ல ஆய்வுக் கேள்வி.

எழும்பூர் வரை போகாமலே செய்யக்கூடிய தலைப்புகளும் உண்டு. உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகம், ஆலைத் தொழிற்சங்கத்தின் நோட்டீசுகள், நூற்றாண்டு கண்ட பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, சினிமா கொட்டகையின் கணக்கு. இவற்றில் பலவற்றை எந்தக் காப்பகமும் சேர்க்கவில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் யாராவது பார்த்தால் உண்டு. வாய்மொழி நேர்காணல் எடுத்தால் பேசுபவரின் அனுமதியை முதலில் வாங்குங்கள், பதிவைப் பத்திரப்படுத்துங்கள், அவர் சொன்ன ஆண்டை வேறு ஏதாவது ஆதாரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

தலைப்பை மூன்றாம் பருவத் தொடக்கத்தில் முடிவு செய்து, அந்தப் பருவம் முழுதும் ஆவணம் சேர்த்து, நான்காம் பருவத்தின் முதல் மாதத்திலேயே எழுதத் தொடங்குவது நல்லது. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். நடு அத்தியாயத்தில், உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஆவணத்திலிருந்து தொடங்கினால் மற்றவை தானாக வரும். ஒவ்வொரு குறிப்புக்கும் எடுத்த இடம், தொகுதி, பக்கம், எண் ஆகியவற்றை அந்த நிமிடமே எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எதுவும் பிறகு கிடைப்பதில்லை.

பிறர் எழுத்தைத் திருடும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துப் பைண்டிங்கும் செய்து தரும் கடைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யூ.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒப்புமை வந்தாலே பிரச்சினை. அதைவிடப் பெரிய நஷ்டம், முனைவர் பட்ட நேர்முகத்தில் முதல் கேள்வியே உங்கள் எம்.ஏ. ஆய்வேட்டைப் பற்றித்தான் இருக்கும்.

வழிகாட்டி சில நேரம் கிடைக்கமாட்டார். நான்கு பேருக்கு வழிகாட்டி, இரண்டு கமிட்டி, கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகை என்று அவர் பாடு அவருக்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, எழுதிய இரண்டு பக்கத்தோடு போய் நில்லுங்கள். வெறுங்கையோடு போய் "சார், என்ன செய்யட்டும்" என்று கேட்டால் அவருக்கும் ஒன்றும் தோன்றாது.

ஒன்பதாம் படி: பணம், நெட், அதற்கப்புறம்

உதவித்தொகையில் பலருக்கும் தெரியாத ஒன்று, யூ.ஜி.சி.யின் தேசிய முதுகலை உதவித்தொகை. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். இளங்கலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளுக்குக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள், ஒருமுறை கேட்டு விட்டுவிடாதீர்கள்.

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். பொதுத் தாளில் 50 வினா, வரலாற்றுத் தாளில் 100 வினா, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழியாது, ஆகவே எதையும் விடாமல் எழுதுங்கள். எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50. இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டக் காலத்தில் வீட்டில் கையேந்தாமல் இருக்க அதுதான் வழி. 2024 முதல் அந்த உதவித்தொகைக்கோ உதவிப் பேராசிரியர் தகுதிக்கோ எட்டாதவர்களும் நெட் மதிப்பெண்ணை வைத்து முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற முடிகிறது.

வேலை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், எம்.ஏ. வரலாறு மட்டும் வைத்துக்கொண்டு உடனே வேலை கிடைப்பது கடினம். அதோடு இன்னொன்று சேர வேண்டும். பி.எட். சேர்ந்தால் பள்ளி. நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு சேர்ந்தால் கல்லூரி. தொல்லியல் பட்டயம் சேர்ந்தால் அகழாய்வு. கீழடி, ஆதிச்சநல்லூர் என்று தமிழ்நாட்டில் அகழாய்வு பெருகியிருப்பதால் பயிற்சி பெற்றவர்களுக்கு முன்பைவிடத் தேவை கூடியிருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையும், கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் நிறுவனமும் இரண்டாண்டு முதுகலைப் பட்டயம் நடத்துகின்றன. அருங்காட்சியகக் காப்பாட்சியர், தொல்லியல் அலுவலர் போன்ற பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. எப்போதாவது அறிவிப்பு விடும், இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பதிப்பகம், பத்திரிகை, ஆவணப்பட ஆய்வு போன்றவற்றுக்குப் பட்டத்தைவிட நீங்கள் எழுதிய ஆய்வேடுதான் சிபாரிசு.

முனைவர் பட்டம் பக்கம் போகிறவர்கள், நான்காம் பருவம் முடியும்போதே நோட்டில் ஒரு தனிப் பக்கம் போட்டு, ஆய்வேட்டில் பதில் கிடைக்காத கேள்விகளையும் கேட்டு வராத கோப்புகளின் எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முன்மொழிவை அந்தப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கலாம். பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது முழு ஆய்வேட்டையும் இணைக்காமல், நன்றாக வந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள்.